கங்காணிக் கடன்: ஊர்வாசலில் இருந்து கண்டிச் சீமை வரை ஒரு தலையில் எழுதப்பட்டது என்ன?

கண்மாய்க்கரை

மண்டபம் கேம்ப் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "கங்காணி ஆசை காட்டினான், இவர்கள் ஏமாந்தார்கள்" என்று முடித்துவிடுகிறோம். (கங்காணி என்றால் ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போய்த் தோட்டத்தில் வேலை வாங்கியவர்.) லட்சக்கணக்கான பேர், தலைமுறை தலைமுறையாக, வெறும் ஆசை வார்த்தையை நம்பியே போய்க்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். இந்த இழையில் பணக்கணக்கைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மொரீஷியஸ், நேட்டால், ஃபிஜிக்குப் போனவர்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் இருந்தது. இலங்கைக்கு அது கிடையாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் விலகலாம் என்றுதான் சட்டம் சொன்னது. அப்படியிருந்தும் விலக முடியவில்லை. ஏன்? முன்பணம் யாருடைய காசு, எந்தெந்த இடத்தில் எதை எதைத் தலையில் எழுதினார்கள், யார் அதில் தின்றார்கள்? தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள்.

ஏட்டுக்கட்டு

பணம் மேலிருந்து கீழே வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு முதல் போட்டவர்கள் லண்டனில். அவர்களுக்காகக் கொழும்பில் ஏஜென்சி கம்பெனிகள். கம்பெனி தோட்டத்துத் துரைக்கு, அதாவது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்கார மேலாளருக்கு, வரவு வைக்கும். ஆள் பிடித்து வரத் துரை பெரிய கங்காணிக்குக் கொடுப்பதுதான் கோஸ்ட் அட்வான்ஸ். இதற்குக் கங்காணி பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுப்பார். அதாவது தோட்டத்துக்குக் கடனாளி கங்காணி. கங்காணிக்குக் கடனாளி கூலி. துரையின் ஏட்டில் தொழிலாளியின் கடன் தனியாக இருக்காது, கங்காணியின் பெயரில் ஒரே மொத்தத் தொகையாக நிற்கும். எந்த ஆளுக்கு எவ்வளவு என்பது கங்காணியின் நோட்டில். அந்த நோட்டைப் படித்துப் பார்க்கத் தெரிந்த கூலிகள் மிகச் சிலர். மொத்தச் சூட்சுமமும் இந்த இரண்டு ஏட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஊரில் அந்தப் பணம் என்ன செய்தது? முதலில் உள்ளூர்க் கடனை அடைத்தது. பண்ணையாளாகக் கட்டுப்பட்டவரை மிராசுதாரரோ வட்டிக்காரரோ சும்மா விடமாட்டார். அந்தப் பாக்கியைத் தீர்த்தால்தான் ஆள் நகர முடியும். பிறகு வீட்டில் விட்டுப்போகும் கிழடுகளுக்கு நெல். போகிறவர்களுக்குத் துணி, வழிச்செலவு, சாப்பாட்டுப் படி. தோட்டத்தில் இறங்கியதும் மலைக்குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி, சமைக்கச் சட்டி, முதல் மாத அரிசி. ஒவ்வொன்றும் கடன். ஒரு நாள் வேலை செய்யும் முன்பே இத்தனையும் ஏறிவிடும்.

போனவர்களில் பாதிக்கு மேல் பள்ளர், பறையர், அருந்ததியர். கங்காணிகளில் நிலம் வைத்திருந்த சாதியினர் அதிகம். ஊரில் நெல் அளந்த கையே மலையில் சம்பளமும் அளந்தது. இதைப் பேசாமல் கணக்கை மட்டும் பேசினால் கணக்கு புரியாது.

தொண்டித்துறை

ரயிலுக்கு முந்தி நடந்ததையும் சேர்த்துக்கோங்க. 1830, 40-களில் காப்பித் தோட்டம் பெருகினப்போ போன வழி நம்ம கரைதான். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன்னு துறை துறையா ஏறி, மன்னார்ப் பக்கமோ அரிப்பிலோ இறங்கணும். அங்கேயிருந்து காட்டுவழியா மாத்தளை வரைக்கும் சுமார் 150 மைல், நடைதான். வடபாதைன்னு சொல்றது இதைத்தான்.

காப்பிக்கு ஆள் தேவை வருஷம் முழுக்கக் கிடையாது. ஆவணி வாக்குல பழம் பறிப்பு தொடங்கி கார்த்திகை தாண்டி முடியும். தை அறுப்புக்கு ஊர் திரும்பிடலாம். அதனால ஆம்பளைங்கதான் கூட்டமா போனாங்க. போற மாசம்தான் வில்லங்கம். வாடை மழை விழுறதுக்கு முந்தி வன்னிக் காட்டுல குளமெல்லாம் அடிமட்டத்துக்கு வத்திக் கிடக்கும். நூத்துக்கணக்கான பேர் அதே குட்டையில குடிச்சு, குளிச்சு, கால் கழுவினாங்க. ஒருத்தருக்குக் காலரான்னா கூட்டம் மொத்தத்துக்கும் அதுதான். நடக்க முடியாதவங்களைக் கங்காணி வழியிலேயே விட்டுட்டுப் போயிருவான். செத்துப்போனவன் வாங்கின முன்பணம் என்ன ஆச்சு? மத்தவங்க தலையில பிரிச்சு எழுதினாங்க. கூட்டத்துல சொந்தக்காரன் இருந்தா அவன் தலையில.

1890-கள் கடைசியில நோய்ப் பயத்தால வடபாதையை மூடினாங்க. அப்புறம் தூத்துக்குடிக்குப் பக்கத்துல தட்டப்பாறை முகாம், அங்கேயிருந்து நீராவிக்கப்பல்ல கொழும்பு, இறங்கினதும் ராகமை முகாம். நம்ம கரைக்குத் திரும்ப அந்தக் கூட்டம் வந்தது பாலம் கட்டின பிறகு.

பாம்பன்_தூக்கு

தொண்டித்துறை அண்ணன் விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறேன். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902. பாம்பன் கடலில் பாலவேலை தொடங்கியது 1911, ரயில் ஓடியது 1914 பிப்ரவரி 24. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் கப்பல் போக இரண்டு கையாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். அதைத் திறக்க மோட்டார் கிடையாது. இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் ஏற்றி இறக்கினார்கள். அடுத்த வாரமே, மார்ச் 1-ல், தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கிவிட்டது. கடல்தூரம் 22 மைல்தான்.

ராமேஸ்வரம் யாத்திரைக்காகப் போட்ட பாலம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். யாத்திரைக்கு அது உதவியது உண்மை. ஆனால் இரு கரையிலும் ஒரே நேரத்தில் ரயிலைக் கொண்டுவந்து கப்பலால் இணைத்த அவசரம் ஆளும் அரிசியும் தேயிலைக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதற்கானது. 1869-ல் இலைத்துரு நோய் விழுந்து இருபது வருஷத்துக்குள் காப்பியை அழித்துவிட்டது. அந்த மலைகளில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தே ஆகவேண்டும், தவறினால் இலை முற்றிவிடும். எடுத்த கொழுந்தை அன்றைக்கே ஆலைக்கு அனுப்ப வேண்டும். எனவே வருஷம் முழுக்கத் தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன.

மண்டபம் முகாம் நம் மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசு. உள்ளே நடந்த வரிசை: வந்ததும் குளியல், உடுதுணியை நீராவியில் போட்டுக் கிருமி நீக்கல், அம்மைப்பால், 1920-களில் கொக்கிப்புழு மருந்தும். பிறகு ஐந்தாறு நாள் தங்கவைப்பு. காலரா தொற்றினால் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு. அது முடிந்தவர்கள் ரயிலேறிப் பாம்பன் கடந்து தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார், மறுபடி ரயில், பொல்காவலையில் மலைப்பாதைக்கு மாறுதல்.

அடையாளம் தகர டிக்கெட். 1901 வாக்கில் தட்டப்பாறைக் காலத்திலேயே வந்தது. சின்ன வட்டத்தகடு, அதில் தோட்டத்துக்கு உரிய எண்ணும் ஆளுக்கு உரிய எண்ணும் அச்சடித்திருக்கும், கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் ரயில், கப்பல், சாப்பாடு எதற்கும் காசு கேட்கமாட்டார்கள். "இலவசம்" என்று பலர் எழுதுவது இதைப் பார்த்துத்தான். அரசு அந்தச் செலவை எண்ணைப் பார்த்துத் தோட்டத்துக்குப் பில் போட்டது, தோட்டம் கங்காணி கணக்கில் பற்று எழுதியது, கங்காணி ஆள் கணக்கில் எழுதினார். நோய்த்தடுப்பில் பெரிய முன்னேற்றம், வழிச்சாவுகள் குறைந்தன, அதை மறுக்கக்கூடாது. கூடவே ஒருவரை எந்தத் தோட்டத்தின் செலவில் வந்தவர் என்று கழுத்தைப் பார்த்தே சொல்லவும் முடிந்தது.

உப்பளத்தான்

தோட்டத்துக் கதைகளில் எல்லாம் துண்டு துண்டு என்கிறார்களே, அந்தத் துண்டு என்ன செய்தது? விடுதலைச் சீட்டு என்றுதானே சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள்?

ஏட்டுக்கட்டு

தம்பி, விடுதலைச் சீட்டு என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. துண்டு என்பது துரை எழுதிக் கொடுத்த சின்னக் காகிதம். "இந்தக் கங்காணியின் கூட்டம் இத்தனை பேர், இவ்வளவு ரூபாய் கட்டினால் விடுவிக்கிறேன்" என்பது அதன் சாரம்.

வேலை செய்த விதத்தை ஒரு கற்பனைத் தொகையில் பாருங்கள். 'அ' தோட்டத்தில் கங்காணியின் மொத்தக் கடன் 1000 ரூபாய். அவர் 1000-க்குத் துண்டு வாங்குகிறார். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் 'ஆ' தோட்டத்துத் துரையிடம் போய், 1300 கொடுத்தால் கூட்டத்தோடு வருகிறேன் என்கிறார். துரை கொடுக்கிறார். 1000 பழைய தோட்டத்துக்குப் போகிறது, 300 கங்காணியின் மடிக்கு. இனி அந்தக் கூட்டத்தின் கடன் 1300. அடுத்த துண்டு 1300-ல் தொடங்கும். தொழிலாளி எவரும் ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை, ஒரு நாள்கூட வேலைக்கு நிற்காமல் இருக்கவில்லை, ஆனாலும் அவர்கள் தலையில் 300 ஏறிவிட்டது. தேயிலைப் பரப்பு பெருகப் பெருக ஆளுக்குப் போட்டி கூடியது, துண்டுத் தொகையும் கூடவே ஏறியது. கடன் ஆட்களின் செலவால் வளரவில்லை, ஆட்களின் விலையால் வளர்ந்தது. கண்மாய்க்கரை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

தனி ஆள் நோட்டீஸ் கொடுத்து விலகலாமே என்றால், துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் சேர்க்காது. நோட்டீஸ் கொடுக்காமல் போனால் 1865-ம் வருஷச் சட்டப்படி அது குற்றம். சிறை வரைக்கும் போகும். கடன் சிவில் விவகாரம், அதற்காகச் சிறை கூடாது. ஆனால் வேலையை விட்டது கிரிமினல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒப்பந்தமே இல்லாமல் ஒப்பந்தக் கூலியாக வைத்திருந்த வழி தெரியும்.

1889 சட்டம் கூலியை மாதக்கணக்கில் போடச் சொன்னது, மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றும் சொன்னது. உழைத்த காசு கைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இடையில் வெற்றிலை, மிளகாய், சாவு, சடங்கு எதற்கும் கங்காணியிடமோ அவர் கடையிலோதான் போகவேண்டும். தாமதமே கடனை உற்பத்தி செய்தது. 1921-ல் துண்டை ஒழித்தார்கள், அதையொட்டி வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் போனது. 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தபின் பயணச்செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்றானது.

பெரட்டுக்களம்

ஏட்டுக்கட்டு ஐயா கடன் பக்கத்தைச் சொல்லிவிட்டார். வரவுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும்.

விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். முழுப்பேர் என்றால் முழுநாள் கூலி. சொன்ன எடைக்குக் கொழுந்து வரவில்லை என்றால் அரைப்பேர். மழை, மலைச்சரிவு, கிழட்டுச்செடி எதுவும் எடையில் கழியாது. கூடையின் எடையும் ஈரமும் மட்டும் கழியும். கங்காணிக்கு, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளுக்குச் சில சதம் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் படுத்தவரையும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்து எழுப்பிக்கொண்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து, 1929 தொடக்கத்தில் இருந்து மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54, பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 சதம் என்றானது. தோட்டம் கொடுக்கும் அரிசி புசல் என்ற அளவைக்கு 6 ரூபாய் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது. மாதத்தில் 24 நாள் முழுப்பேர் விழுந்த ஆணுக்கு 12 ரூபாய் 96 சதம். மாதத்துக்கு ஒரு புசல் அரிசி எடுத்தால் கையில் 6 ரூபாய் 56 சதம். கிட்டத்தட்டப் பாதி அரிசிக்கே போகிறது. பெண்ணுக்கு அதே 24 நாளுக்கு 10 ரூபாய் 32 சதம். அரிசி விலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

தேயிலையின் ஆதாரமே கொழுந்தெடுக்கும் பெண் கை. அந்தக் கையில் காசு வந்ததா என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். பல தோட்டங்களில் அவள் கூலியைக் கணவனிடமோ அண்ணனிடமோ கொடுத்தார்கள், பற்று மட்டும் அவள் பேரிலும் ஓடியது. அவள் வயலில் நட்டாலும் களை எடுத்தாலும் ஊரில் நெல்லாவது அவள் முந்தியில் விழுந்தது. குடும்பமாகப் போனதைக் "குடும்ப நலன்" என்று தோட்டக்காரர்கள் எழுதிவைத்தார்கள். குடும்பம் மலையில் இருந்தால் தை மாதம் ஊருக்குப் போகக் காரணம் இருக்காது என்பதைத் தனியாக எழுதத் தேவையில்லை.

கீழக்கரை_சலாபம்

அக்கா எழுதியதைப் படித்தபின் ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது. இதே கடலில், இதே காலத்தில், கூலி இல்லாமல் பங்கு முறையில் ஓடிய தொழில் முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாச் சலாபத்தில் (முத்துக்குளிப்பு நடக்கும் இடம்) குளிகாரருக்குச் சிப்பியில் மூன்றில் ஒன்று, அரசுக்கு மூன்றில் இரண்டு. குளிகாரர் கல்லில் கால் வைத்து இறங்குவார், மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். குளிகாரர் ஒரு நிமிஷத்துக்குள் கூடையை நிறைத்துக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார். கிடைத்த பங்குச் சிப்பியைக் கரையிலேயே திறக்காமல் விற்றுவிடலாம். முத்து இருக்கிறதோ இல்லையோ, விலை அன்றைக்கே கைக்கு வரும். கயிறு பிடிப்பவருக்கும் தோணிக்காரருக்கும் அதிலேதான் பிரிக்கவேண்டும் என்றாலும், அன்றைய கணக்கு அன்றைக்கே தீர்ந்தது.

1906-ல் அந்தப் பார்களை, அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டுகளை, லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது இலங்கை அரசு. அறிவியல் முறையில் சிப்பி வளர்க்கப் போவதாகச் சொன்னார்கள். கம்பெனி 1912-லேயே மூடிவிட்டது. சிப்பி எப்போது பார் பிடிக்கும், எப்போது மணல் மூடும் என்பது முதலாளி சொல்லி நடக்காது. தேயிலையில் முடிந்தது இங்கே முடியவில்லை.

உப்பளத்தான்

எனக்கென்னவோ நம் சீமை வறண்டது என்பதுதான் முதல் காரணமாகப் படுகிறது. கங்காணி இல்லாவிட்டாலும் வேறு எங்காவது போயிருப்பார்கள்.

கண்மாய்க்கரை

வறட்சி புதிதில்லை தம்பி. வைகை எட்டாமல் போகும் வருஷங்களுக்காகத்தான் இந்தச் சீமையில் கண்மாய்மேல் கண்மாயாக வெட்டிவைத்தார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்ததற்கு இறங்கும். வரத்துக்கால் தூர்ந்தால் நீர் வேறு பக்கம் ஓடும். கலுங்கு உடைந்தால் வந்த நீரும் நிற்காது. மடை அடைபட்டால் நின்ற நீர் வயலுக்குப் போகாது. மூன்றையும் வருஷா வருஷம் பார்க்க, ஊரே கூடிச் செய்யும் குடிமராமத்து இருந்தது.

1803-ல் சேதுபதி அரசு ஜமீனாக்கப்பட்டபின், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலையான பேஷ்குஷ் (ஜமீன் கட்டும் கப்பம்) கட்டவேண்டும். ஜமீன் கடனில் மூழ்கியது, ஊர்களைக் குத்தகைக்கு விட்டது. சில வருஷமே ஊரைக் கையில் வைத்திருக்கும் குத்தகைதாரர் கண்மாயில் ஏன் காசு போடுவார்? 1876–78 பஞ்சம் வந்தபோது தாங்கும் சக்தி போயிருந்தது. 1895-ல் பெரியாற்று நீர் வைகைக்கு வந்தது. பாசனம் பெருகியது மதுரைப் பக்கம். அந்த வறட்சியோடு பேஷ்குஷையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

பாம்பன்_தூக்கு

இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908 பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் செய்து, மார்ச் முதல் வாரத்துக்குள் கூலி உயர்வோடு திரும்பினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட இருந்தார்கள். அதே வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் நம் சீமையின் பாண்டித்துரைத் தேவர். மில்லில் முடிந்தது மலையில் ஏன் அத்தனை வருஷம் முடியவில்லை?

பெரட்டுக்களம்

மில் தொழிலாளி கதவைச் சாத்தியபின் ஊருக்குள் போவார். அரிசியை ஊர்க்கடையில் வாங்குவார், ஊரார் கைகொடுப்பார்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அரிசி தோட்டத்து ஸ்டோரில், ரோடும் தோட்டத்து ரோடு. வெளியாள் உள்ளே வந்து பேசினால் அத்துமீறல் வழக்கு. வேலையை நிறுத்திய அன்றே வீடும் சோறும் நிற்கும். கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியது 1931-ல்தான். 1940-ல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார்.

தொண்டித்துறை

திரும்பி வந்தவங்க கதையும் இதே கரைதான். 1939-ல இந்திய அரசு புது ஆள் போறதை நிறுத்துச்சு. 1948 சட்டத்துல அங்கே குடியுரிமை போச்சு. 1964 அக்டோபர்ல சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்கே, மீதி பிறகு பார்க்கலாம்னு. அதே வருஷம் டிசம்பர்ப் புயல்ல தனுஷ்கோடியே போயிருச்சு. அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறிச்சு, 1984 வரைக்கும் ஓடுச்சு. வந்தவங்க இறங்கினதும் பார்த்தது திரும்ப மண்டபம் கேம்ப்தான். கங்காணி நோட்டுல இருந்த கடன் போயிருந்துச்சு. சேமலாபப் பணமும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் கைக்கு வர்றதுக்கு அலைஞ்சவங்க நிறைய.

உப்பளத்தான்

தகர டிக்கெட், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை மாதிரி சாமான்கள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் இருந்து எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஏட்டுக்கட்டு

முடியும், பொறுமை வேண்டும். தகட்டில் இரண்டு எண் இருந்தால் ஒன்று தோட்டத்துக்கு உரியது. தோட்டங்களின் பழைய ஆண்டு டைரக்டரிகளோடும் இலங்கை அரசுப் பட்டியல்களோடும் ஒப்பிட வேண்டும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும். வீட்டில் சொல்லும் பெயர் பெரும்பாலும் இரண்டாவது. அதை மட்டும் வைத்துத் தேடினால் ஏட்டில் அகப்படாது.

குடும்ப அட்டையில் பெயர்கள் ஆங்கிலம் வழியாக எழுத்து மாறியிருக்கும். வயது குத்துமதிப்பு. சொந்த ஊர் என்ற இடத்தில் தாலுகாவோ ரயில் நிலையமோ இருக்கலாம். இன்னொரு சிக்கல்: ராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனது 1910-ல். அதற்கு முந்திய தாள்களில் மதுரை, திருநெல்வேலி என்றுதான் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுகிறவர்கள் அந்த இரண்டு மாவட்டத்துக் கோப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

தகட்டைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்க வேண்டாம், எண் மழுங்கிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் பள்ளம் மேடு தெரியும். அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று ஏறும். பருத்தித் துணியில் சுற்றி, மூடியிருக்கும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். இரண்டு பக்கப் படத்தையும் இங்கே போட்டால் எண்ணைப் பார்த்துச் சொல்ல முயல்கிறேன். ஆட்களின் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.